எழுதிக் கொடுப்பதும் எழுதி வைப்பதும்: எக்ஸ்வி6 கெர்னலில் சேமிப்பு இடைமுகம் அமைக்கும் முறை

‘எழுதிக் கொடுத்தேன்’ என்பதும் ‘எழுதி வைத்தேன்’ என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் தாள் இன்னொருவர் கைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். இரண்டாவதில் எழுத்து அழியாமல் இருக்கும் என்ற உறுதி சேர்ந்திருக்கிறது. இயங்குதளத்தில் ரைட் என்ற சிஸ்டம் கால் (இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் நிரல் வேலை கேட்கும் அழைப்பு) எழுதிக் கொடுப்பது, எஃப்சிங்க் எழுதி வைப்பது. இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொல்லாத இடைமுகம் ஒரு நாள் யாருடைய தரவையாவது தின்றுவிடும். பைட்டுகளை இங்கிருந்து அங்கே நகர்த்துவது எளிய வேலை. அந்தப் பைட்டுகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டவருக்கு உண்மையைச் சொல்வதுதான் கடினம்.

இதைச் செய்து பழக எம்ஐடியின் பாடக் கெர்னலான எக்ஸ்வி6 நல்ல களம். ரிஸ்க்-ஃபைவ் பதிப்பு கியூஎமு மெய்நிகர் இயந்திரத்தில் ஓடும். கோப்பு முறைமை முழுவதையும் இரண்டு நாளில் படித்துவிடலாம். அதில் ஓப்பன், ரீட், ரைட், குளோஸ் உண்டு. எல்சீக் (கோப்பில் படிக்கும், எழுதும் இடத்தை நகர்த்துவது), எஃப்சிங்க், ஐஓசிடிஎல் (சாதனத்துக்குக் கட்டளை அனுப்புவது), ரீநேம் (பெயர் மாற்றுவது) ஆகியவை இல்லை. சிஸ்டம் கால்கள் 21. நாம் சேர்ப்பவை 22-இலிருந்து தொடங்கும். ஒவ்வொரு புதிய காலுக்கும் எண் பட்டியல், கெர்னலின் அழைப்பு அட்டவணை, பயனர் பக்க அறிவிப்பு, பயனர் பக்க ஸ்டப் (கெர்னலுக்குள் தாவும் சிறு நிரல்துண்டு) உருவாக்கும் பெர்ல் நிரல் ஆகிய நான்கு இடங்களைத் தொட வேண்டும். பெர்ல் நிரலை மறந்தால் லிங்கர் திட்டும். அழைப்பு அட்டவணையை மறந்தால் ‘அறியப்படாத சிஸ்டம் கால்’ என்று கெர்னல் திரையில் சொல்லும்.

முதலில் பிழை எண்கள்

எக்ஸ்வி6 எந்தத் தோல்விக்கும் -1 மட்டுமே தருகிறது. வட்டு நிறைந்ததா, வட்டு பழுதா, தவறான டிஸ்க்ரிப்டரா (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) என்று நிரலுக்குத் தெரியாது. வட்டு நிறைந்தால் பயனரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். வட்டு பழுதென்றால் அந்தக் கோப்பை இனி நம்பக்கூடாது. இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் நிரல் எழுதுபவர் ஊகிக்கத் தொடங்குவார். ஆகவே மற்ற எதையும் தொடும் முன் இதைச் சரிசெய்யுங்கள். பின்னால் சேர்க்கப் போனால் ஒவ்வொரு சிஸ்டம் காலையும் மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

எதிர்ம எண்ணாகப் பிழையைத் திருப்புங்கள். எண்களைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம், லினக்ஸ் எண்களையே எடுத்துக்கொள்ளலாம்: உள்ளீடு-வெளியீட்டுப் பிழை 5, தவறான டிஸ்க்ரிப்டர் 9, தவறான முகவரி 14, வேறொருவர் பயன்பாட்டில் இருப்பது 16, பொருந்தாத மதிப்பு 22, திறந்த கோப்புகளின் எண்ணிக்கை வரம்பு 24, சாதனம் அறியாத கட்டளை 25, கோப்பு மிகப் பெரிது 27, இடமில்லை 28, ஆஃப்செட் (கோப்பில் அடுத்துப் படிக்கும் அல்லது எழுதும் இடம்) நகர்த்த முடியாதது 29, படிக்க மட்டுமான கோப்பு முறைமை 30. பயனர் நிரல்களில் ‘பூஜ்ஜியத்துக்குக் கீழா’ என்று பார்க்கும் வரிகள் அப்படியே வேலை செய்யும். ‘-1-க்குச் சமமா’ என்று ஒப்பிடும் வரிகளைத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும்.

இதைவிடக் கடினமான பகுதி கீழே இருக்கிறது. வட்டு டிரைவரில் வேலை முடிந்த நிலையைக் குறிக்கும் பைட் 0 இல்லையென்றால் எக்ஸ்வி6 பேனிக் ஆகி நின்றுவிடும். படித்துத் தரும் ‘பிரெட்’ செயல்கூறில் பிழையைத் திருப்ப வழியே கிடையாது. பஃபர் ஸ்ட்ரக்டில் (ஒரு வட்டு பிளாக்கின் நினைவக நகலை வைக்கும் கட்டமைப்பு) பிழைக்கென ஒரு புலம் சேருங்கள். வேலை முடிந்ததென்று வட்டிடமிருந்து இன்டரப்ட் வரும்போது அதில் எண்ணை வையுங்கள், மேலே உள்ள ஒவ்வொரு அழைப்பிலும் அதைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற முடியாது. கோப்பின் தரவைப் படிக்கும் பாதையில் தொடங்கி, அடைவுகளையும் பிட்மேப்பையும் (எந்த பிளாக் காலி என்று காட்டும் பட்டியல்) அடுத்த சுற்றில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரைட் எதைத் திருப்ப வேண்டும்

எக்ஸ்வி6-இன் ‘ஃபைல்ரைட்’ செயல்கூறைத் திறந்து பாருங்கள். ஒரு செயல்பாடு லாகில் (மாற்றங்களைச் சொந்த இடத்துக்கு அனுப்பும் முன் பதிந்துவைக்கும் வட்டுப் பகுதி) அதிகபட்சம் 10 பிளாக்குகளைத்தான் தொடலாம். ஐநோடுக்கு (கோப்பின் அளவும் பிளாக் எண்களும் உள்ள பதிவு) 1, மறைமுக பிளாக்குக்கு (மேலும் பிளாக் எண்களைக் கொண்ட பிளாக்) 1, ஓரம் ஒட்டாத எழுத்துக்கு 2 போக மீதி 6. ஒவ்வொரு தரவு பிளாக்கோடும் ஒரு பிட்மேப் பிளாக் மாறலாம் என்பதால் 6-இல் பாதி, 3. பிளாக் 1024 பைட் என்பதால், எவ்வளவு பெரிய ரைட் வந்தாலும் அது 3072 பைட் துண்டுகளாக உடைகிறது. ஒவ்வொரு துண்டும் தனித் தனிப் பரிவர்த்தனை, அதாவது முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது. துண்டுகளுக்கு இடையே ஐநோட் பூட்டு திறந்து மூடுகிறது.

இதிலிருந்து மூன்று விளைவுகள். 3072 பைட்டைத் தாண்டிய ரைட் நடுவில் மின்சாரம் போனால் பாதியில் நிற்கலாம். ஒரே கோப்பில் இரண்டு புராசஸ்கள் எழுதினால் அவற்றின் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடலாம். மூன்றாவதுதான் மோசமானது: மூன்று துண்டு போன பிறகு நான்காவதில் இடமில்லாமல் போனால் ‘ஃபைல்ரைட்’ -1 தருகிறது. ஆனால் 9216 பைட் கோப்புக்குள் போய்விட்டது, ஆஃப்செட்டும் நகர்ந்துவிட்டது. -1 வந்ததென்று நிரல் மறுபடி எழுதினால் அதே தரவு கோப்பில் இரண்டு முறை இருக்கும்.

விதியை இப்படி மாற்றுங்கள்: ஒரு பைட்டாவது போயிருந்தால் போன எண்ணிக்கையைத் திருப்ப வேண்டும். ஒன்றுமே போகாதபோது மட்டும் பிழை எண். மீதியை எழுத நிரல் மறுபடி அழைக்கும்போது, அந்த அழைப்பிலேயே ‘இடமில்லை’ என்ற 28 கிடைத்துவிடும், பிழை தொலைவதில்லை. யூனிக்ஸ் குடும்பம் நெடுங்காலமாகப் பின்பற்றும் ஒழுங்கு இது. பயனர் பக்கம் ‘முழுவதும் எழுது’ என்ற சுற்றை நூலகத்தில் ஒருமுறை எழுதிவையுங்கள். ஒவ்வொரு நிரலும் தானே எழுதினால் பாதி நிரல்கள் திரும்பிய எண்ணிக்கையைப் பார்க்காமலே விட்டுவிடும்.

ஒரே அழைப்பில் கேட்கக்கூடிய அளவுக்கும் வரம்பு வேண்டும். லினக்ஸ் ஒரு ரீட் அல்லது ரைட்டில் 2147479552 பைட்டுக்கு மேல் நகர்த்தாது. எக்ஸ்வி6-இல் எண்ணிக்கை இன்ட் வகை. எதிர்ம எண் வந்தால் நுழைவாயிலிலேயே 22 என்று மறுத்துவிடுங்கள்.

ஆஃப்செட்: எங்கே வைப்பது, எவ்வளவு அகலம்

டிஸ்க்ரிப்டர் எண், திறந்த கோப்பு, ஐநோட் என்ற மூன்று அடுக்குகளில் ஆஃப்செட் நடு அடுக்கில் இருக்கிறது. ஃபோர்க் செய்த (தன்னையே நகலெடுத்த) புராசஸின் பிள்ளையும் தாயும் அதைப் பகிர்ந்துகொள்வது பிழையல்ல, வேண்டுமென்றே செய்தது. ஷெல்லில் இரண்டு கட்டளைகளை அடைப்புக்குள் போட்டு ஒரே கோப்புக்குத் திருப்பும்போது, இரண்டாவது கட்டளை முதலாவதை அழிக்காமல் அதன் பின்னே எழுதுவது இந்தப் பகிர்வால்தான். பகிர்வு வேண்டாதவர்களுக்கு ஆஃப்செட்டைக் கையோடு கொடுக்கும் பீ-ரீட், பீ-ரைட் இரண்டையும் சேருங்கள். எல்சீக் செய்துவிட்டு ரைட் செய்வதற்குள் இன்னொரு புராசஸ் ஆஃப்செட்டை நகர்த்திவிடும் சிக்கல் அதோடு தீரும்.

அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். 32 பிட் குறியுள்ள ஆஃப்செட் 2147483647-இல் முடிந்துபோகும். 2 ஜிபிபைட்டைத் தாண்டிய கோப்புகளுக்காக 32 பிட் லினக்ஸில் தனிக் கொடி, தனிக் கால்கள், கம்பைலருக்குத் தனி வரையறை என்று ஒரு தலைமுறையே இரட்டை இடைமுகத்தோடு வாழ வேண்டியிருந்தது. எல்சீக் என்ற பெயரின் முதல் எழுத்தே ‘லாங்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு முன்பிருந்த சீக் 16 பிட்டில் முடங்கியிருந்தது. எக்ஸ்வி6 கோப்பின் உச்ச அளவு 268 பிளாக், அதாவது 274432 பைட்தான். இருந்தாலும் இடைமுகத்தில் குறியுள்ள 64 பிட் வையுங்கள். வட்டின் அமைப்பு நாளை மாறலாம். சிஸ்டம் காலின் வடிவத்தை மாற்றினால் பழைய நிரல்கள் எல்லாம் உடையும்.

இங்கே ஒரு பொறி. உள்ளே இருக்கும் ‘ரைட்ஐ’ செயல்கூறு 32 பிட் ஆஃப்செட்டைத்தான் வாங்குகிறது. 4294967306 என்ற ஆஃப்செட்டை அப்படியே அனுப்பினால் சி மொழி சத்தமில்லாமல் அதை 10 ஆக வெட்டும். எழுத்து கோப்பின் தலையில் போய் விழும். வெட்டுப்படும் முன்பே உச்ச அளவோடு ஒப்பிட்டு 27 திருப்புங்கள். கூட்டல் வழியும் என்பதால் ‘ஆஃப்செட் + எண்ணிக்கை > உச்சம்’ என்று எழுதாமல், முதலில் ஆஃப்செட் உச்சத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ‘எண்ணிக்கை > உச்சம் − ஆஃப்செட்’ என்று எழுதுங்கள்.

எல்சீக் எழுதுவது பத்து வரி வேலை. பைப்புக்கும் கன்சோலுக்கும் 29 திருப்ப வேண்டும். முடிவிலிருந்து நகர்த்தும்போது அளவைப் படிக்க ஐநோட் பூட்டு வேண்டும். எதிர்ம இடத்துக்குப் போனால் 22. உண்மையான வேலை, கோப்பின் முடிவைத் தாண்டிப் போய் எழுதும்போதுதான் தொடங்குகிறது.

‘ரைட்ஐ’ முடிவைத் தாண்டிய ஆஃப்செட்டை மறுக்கிறது. அந்த நிபந்தனையை மட்டும் நீக்கினால் கோப்பில் ஓட்டை விழும். எழுதும்போது எல்லாம் சரியாகப் போனதுபோல் தெரியும். பிறகு யாராவது அந்த ஓட்டையைப் படிக்கும்போது கெர்னல் பேனிக் ஆகும். பிளாக் எண்ணைக் கண்டுபிடிக்கும் ‘பிமேப்’ செயல்கூறு, பிளாக் இல்லையென்றால் உடனே புதிதாக ஒன்றை ஒதுக்கிவிடும். ஒதுக்கினால் பிட்மேப் மாறும், அதை லாகில் பதிய வேண்டும். ஆனால் ரீட் பாதையில் பரிவர்த்தனை திறக்கப்படவில்லை. எனவே ‘பரிவர்த்தனைக்கு வெளியே லாக் எழுத்து’ என்று பேனிக். அந்த நேரம் வேறொரு புராசஸ் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் பேனிக்கூட வராது, அவருடைய பரிவர்த்தனைக்குள் நம் மாற்றம் கலந்துபோகும். அது இன்னும் மோசம்.

ஆகவே ‘பிமேப்’புக்கு ஒதுக்கலாமா என்று சொல்லும் அளவுரு ஒன்று கொடுங்கள். படிக்கும் பாதை ‘ஒதுக்காதே’ என்று அழைக்கட்டும். 0 திரும்பினால் 1024 பூஜ்ஜியங்கள் கொண்ட நிலையான பஃபரிலிருந்து நகலெடுத்துக் கொடுங்கள். மறைமுக பிளாக்கே இல்லாத நிலையையும் அதே செயல்கூறு கையாள வேண்டும், மறந்துபோவது அதுதான். கோப்பை அழிக்கும் ‘ஐட்ரங்க்’ ஏற்கெனவே 0 என்ற இடங்களைத் தாண்டிப் போகிறது, அதில் கை வைக்க வேண்டியதில்லை.

தெரியாத கொடியை ஏற்காதீர்கள்

எக்ஸ்வி6-இன் ஓப்பன் தனக்குத் தெரியாத கொடி பிட்களைக் கண்டுகொள்வதில்லை. லினக்ஸின் ஓப்பனும் அப்படித்தான் இருந்தது, இருக்கிறது. இதனால் பழைய கெர்னலில் புதிய கொடியோடு ஓப்பன் செய்தால் கொடி வேலை செய்யாமலே கோப்பு திறந்துவிடும், நிரலுக்குத் தெரியாது. பெயரில்லாத தற்காலிகக் கோப்புக்கான கொடியை லினக்ஸ் 3.11-இல் சேர்த்தபோது, பழைய கெர்னல்கள் அதைப் பிழையாக மறுக்கட்டும் என்பதற்காகவே அடைவுக்கான கொடியையும் அதற்குள் சேர்த்துவைத்தார்கள். கொடியே இல்லாத கால்களின் கதை இன்னொன்று: டூப்2-க்குப் பின் டூப்3, பைப்புக்குப் பின் பைப்2, ரீநேம்அட்டுக்குப் பின் ரீநேம்அட்2 என்று எண் ஏறிக்கொண்டே போனது.

செய்ய வேண்டியது இரண்டே. நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு காலிலும் கடைசி அளவுருவாக ஒரு கொடிப் புலம் வையுங்கள், இன்று பயன் இல்லாவிட்டாலும். அதில் தெரியாத பிட் ஒன்று இருந்தாலும் 22 திருப்புங்கள். இன்று மறுத்ததை நாளை ஏற்கலாம். இன்று ஏற்றுக்கொண்ட குப்பையை நாளை மறுக்க முடியாது, எங்கோ ஒரு நிரல் அந்தக் குப்பையை அனுப்பிப் பழகியிருக்கும்.

எஃப்சிங்க்: எழுதி வைப்பது

எக்ஸ்வி6-இல் ஒவ்வொரு ரைட்டும் லாக் வழியாகப் போவதால், ரைட் திரும்பியதும் தரவு வட்டில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு செயல்பாட்டை முடித்துவைக்கும் ‘எண்ட்_ஆப்’ செயல்கூறைக் கவனமாகப் படித்தால் அது உண்மையில்லை என்று தெரியும். அங்கே நடப்பில் உள்ள செயல்பாடுகளின் எண்ணிக்கை 0 ஆனால்தான் கமிட் (சேர்ந்த மாற்றங்களை வட்டுக்கு எழுதி உறுதிசெய்வது) நடக்கும். வேறு யாராவது உள்ளே இருந்தால் நம் ‘எண்ட்_ஆப்’ கமிட் இல்லாமலே திரும்பிவிடும். ஒற்றை நிரல் ஓடும்போது எழுதி வைத்ததாகவும், இரண்டு நிரல் ஓடும்போது வெறுமனே எழுதிக் கொடுத்ததாகவும் அதே ரைட் நடந்துகொள்கிறது. சோதனையில் எப்போதும் வெற்றி, பயன்பாட்டில் எப்போதாவது இழப்பு.

எஃப்சிங்க்கை இப்படி அமையுங்கள். லாக் ஸ்ட்ரக்டில் கமிட் வரிசை எண் ஒன்றும், ‘யாரோ காத்திருக்கிறார்’ என்ற கொடி ஒன்றும் சேருங்கள். எஃப்சிங்க் லாக் பூட்டை எடுக்கிறது. கமிட் நடக்கவில்லை, நடப்புச் செயல்பாடும் இல்லை என்றால் பாக்கி ஏதும் இல்லை, உடனே திரும்பலாம். இல்லையென்றால் இப்போதைய வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, கொடியை ஏற்றிவிட்டு, எண் மாறும் வரை தூங்க வேண்டும். செயல்பாட்டைத் தொடங்கும் ‘பிகின்_ஆப்’ இந்தக் கொடி ஏறியிருக்கும் வரை புதியவர்களை உள்ளே விடக்கூடாது. இந்தத் தடுப்பு இல்லையென்றால் ஆட்கள் மாறி மாறி உள்ளே வந்துகொண்டே இருப்பார்கள், எண்ணிக்கை 0 ஆகாது, எஃப்சிங்க் செய்தவர் தூங்கிக்கொண்டே இருப்பார். கமிட் முடிந்ததும் வரிசை எண்ணைக் கூட்டி, கொடியை இறக்கி, எல்லோரையும் எழுப்புங்கள். லாகில் எந்த பிளாக்கும் இல்லாத வெற்றுக் கமிட்டிலும் எண்ணைக் கூட்ட வேண்டும். இதை விட்டால் யாரும் எழுதாத நேரத்தில் எஃப்சிங்க் என்றைக்குமாகத் தூங்கிவிடும். எஃப்சிங்க்கைப் பரிவர்த்தனைக்குள்ளிருந்து அழைக்கவே கூடாது, தன்னைத் தானே எதிர்பார்த்து முடங்கும்.

இது பாதி வழி. கமிட் எழுதியது வட்டின் உள் கேஷில் (மின்சாரம் போனால் அழியும் தற்காலிக நினைவகம்) இருக்கலாம். கியூஎமு தரும் விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் வட்டில் படிக்க 0, எழுத 1, ஃபிளஷ் செய்ய (கேஷில் உள்ளதை நிலையாக எழுத வைக்க) 4 என்ற கோரிக்கை வகைகள் உண்டு. ஃபிளஷ் வசதியைக் குறிப்பது 9-ஆம் பிட். எக்ஸ்வி6 டிரைவர் சில வசதிகளை மறுக்கும்போது இந்த 9-ஆம் பிட்டை விட்டுவைக்கிறது, ஆனால் ஃபிளஷ் கோரிக்கையை ஒருபோதும் அனுப்புவதில்லை. விர்ட்ஐஓ வரையறைப்படி, இப்படி ஏற்றுக்கொண்ட டிரைவர், வட்டு எழுத்தைத் தன் கேஷில் வைத்திருக்கும் என்றே கொள்ள வேண்டும்.

ஃபிளஷ் கோரிக்கைக்குத் தரவுப் பகுதி இல்லை. தலைப்புக்கு ஒன்று, நிலை பைட்டுக்கு ஒன்று என்று இரண்டு விர்ட்ஐஓ டிஸ்க்ரிப்டர்கள் (கோப்பு டிஸ்க்ரிப்டர் அல்ல, கோரிக்கையின் ஒரு பகுதி எங்கே இருக்கிறது என்று வட்டுக்குச் சொல்லும் குறிப்பு) போதும், செக்டர் எண் 0 ஆக இருக்க வேண்டும். இன்டரப்ட் கையாளி பஃபர் ஸ்ட்ரக்டை எதிர்பார்ப்பதால் வெற்று பஃபர் ஒன்றைத் தயாராக வையுங்கள். இல்லையென்றால் பூஜ்ஜிய முகவரியில் கைவைத்துக் கெர்னல் விழும்.

எங்கே ஃபிளஷ் செய்வது என்பதுதான் நெஞ்சு. கமிட் நான்கு கட்டமாக நடக்கிறது: மாறிய பிளாக்குகளை லாகில் எழுதுதல், லாக் தலைப்பை எழுதுதல், பிளாக்குகளை அவற்றின் சொந்த இடத்துக்கு நகலெடுத்தல், தலைப்பைக் காலியாக்குதல். ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் ஒரு ஃபிளஷ் வேண்டும். முதலாவது இல்லையென்றால் தலைப்பு வட்டுக்குப் போய், அது காட்டும் பிளாக்குகள் போகாமல் இருக்கலாம், மீட்பின்போது குப்பை நகலாகும். இரண்டாவது இல்லையென்றால் பாதி பிளாக்குகள் இடம் சேர்ந்த நிலையில் மின்சாரம் போகும், மீட்கத் தலைப்பு இருக்காது. மூன்றாவது இல்லையென்றால் தலைப்பு அழிந்து, நகல்கள் சேராமல் போகும். நான்காவதைத் தேவையற்றதென்று பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய தலைப்பு வட்டில் நின்றுவிட்டால் மீட்பில் அதே நகலை மறுபடி செய்வோம், அதில் கேடில்லையே என்று தோன்றும். ஆனால் அடுத்த பரிவர்த்தனை அதே லாக் இடத்தில் புதிய பிளாக்குகளை எழுதத் தொடங்கிவிடும். பழைய தலைப்பு, புதிய உள்ளடக்கம்: மீட்பு அடைவு பிளாக் இருந்த இடத்தில் யாருடைய தரவையோ கொண்டுபோய் வைக்கும். நான்காவது ஃபிளஷை அடுத்த கமிட்டின் தொடக்கத்துக்குத் தள்ளிவைக்கலாம், விட முடியாது. கெர்னல் எழும்போது நடக்கும் மீட்பிலும் நகலுக்குப் பின் ஒன்று, தலைப்பைக் காலியாக்கிய பின் ஒன்று என இரண்டு ஃபிளஷ் வேண்டும்.

ஃபிளஷ் தோல்வியடைந்தால்? இந்தக் கேள்விக்கு லினக்ஸ் உலகமே நீண்ட காலம் தவறான விடையோடு இருந்தது. பின்னணியில் எழுதும்போது வரும் பிழை கோப்பின் பேரில் ஒரு கொடியாக ஏறும். அடுத்து எஃப்சிங்க் செய்தவர் யாரோ அவருக்கு அது சொல்லப்பட்டு, கொடி இறங்கிவிடும். அதே கோப்பைத் திறந்து வைத்திருக்கும் மற்றவருக்கு வெற்றி என்றே செய்தி போகும். 2017-இல் வந்த 4.13 பதிப்பில் பிழையை வரிசை எண்ணோடு வைத்து, திறந்த ஒவ்வொருவருக்கும் ஒருமுறை சொல்லும்படி மாற்றினார்கள். அப்போதும் ஒரு பள்ளம் மிச்சம்: எழுத முடியாத பக்கம் கேஷில் ‘சுத்தம்’ என்று குறிக்கப்பட்டுவிடும், ஆகவே இரண்டாம் முறை எஃப்சிங்க் செய்தால் 0 வரும். தோற்றால் மறுபடி எஃப்சிங்க் செய்தால் போதும் என்று நம்பியிருந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தார் 2018-இல் இதைக் கண்டு, எஃப்சிங்க் தோற்றால் உடனே நின்று தங்கள் லாகிலிருந்து மீளும்படி மாற்றிக்கொண்டார்கள்.

சிறு கெர்னலுக்கு எளிய, நேர்மையான வழி ஒட்டிக்கொள்ளும் பிழை. கமிட்டின் எந்தக் கட்டத்தில் பிழை வந்தாலும் லாக் ஸ்ட்ரக்டில் 5 என்று பதியுங்கள், மறுதொடக்கம் வரை அழிக்காதீர்கள். அதன்பின் எல்லா எஃப்சிங்க்கும் 5 தரட்டும், எல்லா எழுத்தும் 30 தரட்டும், படிப்பது மட்டும் நடக்கட்டும். கேஷில் மாறிவிட்ட பிளாக்குகளைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி எக்ஸ்வி6-இல் இல்லை. எனவே எழுத்தைத் தொடர விடுவது வட்டை மேலும் கெடுக்கும்.

குளோஸைப் பற்றி ஒரு வரி போதும்: அது எழுதி வைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். லினக்ஸிலும் குளோஸ் அதைச் செய்வதில்லை. குளோஸ் பிழை தந்தாலும் டிஸ்க்ரிப்டர் போய்விட்டது, மறுபடி குளோஸ் செய்தால் அதற்குள் வேறு யாரோ திறந்த கோப்பை மூடிவிடலாம்.

சாதனங்களும் ஐஓசிடிஎல்லும்

எக்ஸ்வி6-இன் சாதன அட்டவணையில் 10 இடங்கள், ஒவ்வொன்றிலும் ரீட், ரைட் என்ற இரண்டு சுட்டிகள். ஆஃப்செட்டை அவை வாங்குவதே இல்லை, கன்சோலுக்கு அது தேவைப்படவில்லை. வட்டைச் சாதனமாகத் திறக்க வேண்டுமானால் ஆஃப்செட்டோடு கூடிய ரீட், ரைட், சிங்க், ஐஓசிடிஎல் ஆகியவற்றைச் சேருங்கள். ஒரு சுட்டி காலியாக இருந்தால் எந்தப் பிழை என்பதை அட்டவணைக்கு அருகிலேயே எழுதிவையுங்கள்: ரீட், ரைட் இல்லையென்றால் 22, ஐஓசிடிஎல் இல்லையென்றால் 25.

வட்டுச் சாதனத்தின் எழுத்து கோப்பு முறைமையின் அதே பஃபர் கேஷ் வழியாகவே போகட்டும். தனி வழி வைத்தால் ஒரே பிளாக்குக்கு இரண்டு உண்மைகள் இருக்கும். ரூட் வட்டை எழுதுவதற்காகத் திறந்தால் 16 என்று மறுத்துவிடுங்கள். சோதனைக்கு கியூஎமுவில் இரண்டாவது வட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐஓசிடிஎல் கட்டளை எண்ணை 1, 2, 3 என்று வைக்காதீர்கள். வட்டுக்கு அனுப்ப நினைத்த 3 தவறிக் கன்சோலுக்குப் போனால் அங்கே அது வேறு ஒன்றைச் செய்துவிடும். லினக்ஸின் 32 பிட் பிரிப்பு நன்றாக வேலை செய்கிறது: திசைக்கு 2 பிட், ஸ்ட்ரக்ட் அளவுக்கு 14, சாதன வகைக்கு 8, வரிசைக்கு 8. அளவு எண்ணுக்குள்ளேயே இருப்பதால் எத்தனை பைட் நகலெடுக்க வேண்டும் என்பதைப் பொது நுழைவாயிலே பார்த்து, பயனர் நினைவகத்தைக் கெர்னல் பஃபருக்கு நகலெடுத்து, பிறகு டிரைவரிடம் கொடுக்கலாம். ஒவ்வொரு டிரைவரும் பயனர் முகவரியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, பாதுகாப்புத் தவறுகள் குறையும்.

ஸ்ட்ரக்டுக்குள் அகலம் நிலையான வகைகளையே போடுங்கள். லாங், சுட்டி இரண்டும் 32 பிட்டிலும் 64 பிட்டிலும் மாறும். 64 பிட் புலங்களை முதலில் அடுக்கி, மொத்த அளவு 8-இன் மடங்காக வரும்படி ஒதுக்குப் புலத்தால் நிரப்புங்கள். உள்ளே வரும்போது அந்த ஒதுக்குப் புலம் 0 இல்லையென்றால் 22. வெளியே அனுப்பும் முன் முழு ஸ்ட்ரக்டையும் பூஜ்ஜியமாக்குங்கள், இல்லையென்றால் இடைவெளி பைட்டுகளில் கெர்னல் நினைவகம் கசியும். அளவுகளைப் பைட்டிலேயே சொல்லுங்கள். லினக்ஸின் முதல் வட்டளவுக் கட்டளை 512 பைட் செக்டர் கணக்கில், லாங் வகையில் விடை தந்தது. 32 பிட்டில் அது 2 டெபிபைட்டோடு நின்றுபோனது. பிறகு பைட்டில் 64 பிட்டாகச் சொல்லும் இன்னொரு கட்டளை தேவைப்பட்டது. வட்டு எழுத்தின் மிகச் சிறிய அலகு 512-ஆ 4096-ஆ என்பதைத் தனிப் புலமாகச் சொல்லுங்கள், அளவோடு கலக்காதீர்கள்.

ஐஓசிடிஎல் இல்லாமலே செய்ய முடியுமா? பிளான் 9 இயங்குதளம் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பு வைத்து, அதில் சாதாரண உரையாகக் கட்டளை எழுதச் சொன்னது. ஷெல்லிலிருந்தே இயக்கலாம், 32-64 பிட் தொல்லையும் இல்லை. அரிதாக வரும் அமைப்பு வேலைகளுக்கு அதுவே மேல். நொடிக்குப் பல ஆயிரம் முறை அழைக்கப்படுவதற்கு ஸ்ட்ரக்ட்தான் சரி.

ரீநேம்

பழைய கோப்பின் இடத்தில் புதியதை முழுதாக மாற்றிவைக்க நிரல்களுக்கு இருக்கும் பாதுகாப்பான வழி: தற்காலிகப் பெயரில் எழுது, எஃப்சிங்க் செய், ரீநேம் செய், அடைவையும் எஃப்சிங்க் செய். எக்ஸ்வி6-இல் லிங்க், அன்லிங்க் மட்டுமே இருப்பதால் நடுவில் பெயரே இல்லாத ஒரு கணம் வருகிறது. ரீநேமை ஒரே பரிவர்த்தனைக்குள் அடக்குங்கள். ஒரே அடைவுக்குள் சாதாரணக் கோப்புகளுக்கு மட்டும் என்று தொடங்கினால் 10 பிளாக் வரம்புக்குள் வசதியாக நிற்கும். இரண்டு அடைவுகளுக்கு விரிக்கும்போது ஐநோட் எண் சிறியதை முதலில் பூட்டுங்கள், எதிரெதிராக வரும் இரண்டு ரீநேம்கள் முட்டி நிற்காது.

சோதிப்பது

கியூஎமுவைத் திடீரென நிறுத்துவது மின்வெட்டுச் சோதனை ஆகாது. எழுதியவை எல்லாம் உங்கள் கணினியின் கேஷில் பத்திரமாக இருக்கும். ஃபிளஷே இல்லாத கெர்னலும் அந்தச் சோதனையில் தேறிவிடும்.

டிரைவருக்குள் ஒரு பொய்க் கேஷ் கட்டுங்கள். 64 பிளாக் கொள்ளும் அணி, 64 கிபிபைட் நினைவகம். எழுத்து வந்தால் அதில் வையுங்கள், படிக்கும்போது முதலில் அதில் தேடுங்கள், ஃபிளஷ் வந்தால் எல்லாவற்றையும் வட்டுக்கு அனுப்புங்கள். ‘மின்வெட்டு’ நேரம் வந்ததும் அணியில் உள்ளவற்றில் தற்செயலாகச் சிலவற்றை மட்டும், தற்செயலான வரிசையில் எழுதிவிட்டு இயந்திரத்தை நிறுத்துங்கள். மின்வெட்டை ஒரு குறிப்பிட்ட எழுத்தின் எண்ணிக்கையில் வரும்படி அமைத்து, தற்செயல் விதையை (தற்செயல் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) திரையில் அச்சிடுங்கள். தோற்ற ஓட்டத்தை அதே விதையோடு மறுபடி ஓட்ட முடியாவிட்டால் தோல்வியால் பயனில்லை.

சோதனை நிரல் 1, 2, 3 என்று எண்ணிட்ட 512 பைட் பதிவுகளை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்குப் பின்னும் எஃப்சிங்க், அது 0 தந்தால் மட்டும் அந்த எண்ணைத் திரையில் அச்சிட வேண்டும். பக்கத்தில் இன்னொரு புராசஸ் வேறு கோப்புகளை உருவாக்கி அழித்துக்கொண்டிருக்கட்டும், ‘எண்ட்_ஆப்’பின் கமிட் இல்லாத பாதை அப்போதுதான் ஓடும். மறுதொடக்கத்துக்குப் பின் திரையில் கடைசியாக வந்த எண் வரை எல்லாப் பதிவுகளும், உள்ளடக்கம் மாறாமல், கோப்பில் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் தவறில்லை. குறைந்தால் எஃப்சிங்க்கின் காத்திருப்பைப் பாருங்கள். எண் சரியாக இருந்து உள்ளடக்கம் பூஜ்ஜியமாகவோ வேறு கோப்பினுடையதாகவோ இருந்தால் ஃபிளஷ் இடங்களைப் பாருங்கள்.

எல்லாம் தேறியதும் நான்கு ஃபிளஷ்களையும் ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டுங்கள். ஒவ்வொரு நீக்கத்துக்கும் சோதனை எங்காவது தோற்க வேண்டும். தோற்கவில்லையென்றால் சோதனை போதவில்லை. நான்காவதை நீக்கியபோது மட்டும் தோல்வி வரச் சிரமப்படும். மின்வெட்டு, அடுத்த பரிவர்த்தனை லாகில் பிளாக்குகளை எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் விழ வேண்டும், பழைய தலைப்பைக் காலியாக்கிய எழுத்து பொய்க் கேஷிலேயே நின்றிருக்க வேண்டும். மின்வெட்டு எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒவ்வோர் எண்ணுக்கும் பல விதைகளோடு இரவு முழுக்க ஓடவிடுங்கள்.